இரட்டை கிராபிக்ஸ் கார்டு: இரண்டு பங்கு விலைக்கு இரண்டு பங்கு வேலை கிடைக்குமா?

தீபாவளிச் சீசன் முடிந்து, வெளியூர்ப் பாக்கிகள் வசூலாகி, கையில் நாலு காசு புழங்கும் மாதங்களில் நம் வீடுகளில் சில கோரிக்கைகள் எழுவது வழக்கம். ஒரு காலத்தில் சைக்கிள் கேட்டார்கள். பிறகு மோட்டார் சைக்கிள் கேட்டார்கள். இப்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ‘கேமிங் கம்ப்யூட்டர்’ கேட்கிறார்கள். கொட்டேஷனை வாங்கிப் பார்த்தால், பாதி விலையை ஒரே ஒரு பொருள் விழுங்கியிருக்கும். அதுதான் கிராபிக்ஸ் கார்டு. சில கொட்டேஷன்களில் அதே கார்டு இரண்டு என்று எழுதப்பட்டிருக்கும். “இரண்டு போட்டால் வேகம் இரண்டு மடங்கு” என்று விளக்கமும் சொல்வார்கள்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி வேண்டாமா என்பது நம் பெரியவர்கள் சொல். ஆனால் இந்த விஷயத்தில் சொல்பவர் முழுப் பொய்யும் சொல்லவில்லை. முழு உண்மையும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் மெய்யாக இருந்த விஷயம் இது. இன்று நிலைமை மாறிவிட்டது. கடை முதலை எடுத்து இதில் போடுமுன் நம் அங்கத்தினர்கள் விவரம் தெரிந்துகொள்வது நலம் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

கார்டின் வேலை என்ன?

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. இன்று சாதாரணமாகப் புழங்கும் மானிட்டரில் குறுக்கே 1920, நெடுக்கே 1080, ஆக 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. விளையாட்டில் கார் ஓடுவதும் ஆள் நடப்பதும் இயல்பாகத் தெரிய, வினாடிக்கு 60 படங்களாவது மாற வேண்டும். அப்படியானால் ஒரு வினாடிக்குள் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட்டாக வேண்டும். 4கே எனப்படும் பெரிய திரை என்றால் இது நான்கு மடங்கு.

இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரின் தலைமைக் கணக்கரான பிரசாசர் தனியாகப் போட்டு மாளாது. அதனால் இதற்கென்றே ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்களை ஒரே பலகையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைதான் கிராபிக்ஸ் கார்டு. தனக்கென்று தனி மெமரியும் வைத்திருக்கும். படங்களுக்கு வேண்டிய சரக்கு அதில்தான் இருப்பு வைக்கப்படும்.

பில் போடவும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யவும், ஸ்டாக் பார்க்கவும் இந்தக் கார்டு தேவையே இல்லை. பிரசாசரோடு சேர்ந்தே வரும் சிறிய கிராபிக்ஸ் வசதி அதற்குத் தாராளம். கடைக் கம்ப்யூட்டருக்கு யாராவது தனிக் கார்டை எழுதிக் கொடுத்தால், எதற்கு என்று கேட்டுவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டு கார்டு எப்படி வேலையைப் பிரிக்கிறது?

மளிகைக் கடை அனுபவத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். கடையில் சரக்குக் கட்டும் பையன்கள் இருவர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலையை இரண்டு விதமாகப் பிரிக்கலாம்.

முதல் விதம்: ஒரே வாடிக்கையாளரின் சிட்டையைக் கிழித்துப் பாதியை ஒருவனிடமும் மீதியை மற்றவனிடமும் கொடுப்பது. கார்டு விஷயத்தில், ஒரே படத்தின் மேல் பாதியை ஒன்றும் கீழ்ப் பாதியை மற்றொன்றும் வரையும். இதில் ஒரு சிரமம் உண்டு. மேல் பாதியில் வெறும் வானம், கீழ்ப் பாதியில் கூட்டமும் சண்டையும் என்றால், ஒருவன் கை கட்டி நிற்பான், மற்றவன் வியர்த்து வழிவான்.

இரண்டாவது விதம்: முதல் வாடிக்கையாளர் ஒருவனுக்கு, அடுத்த வாடிக்கையாளர் மற்றவனுக்கு என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது. கார்டு விஷயத்தில், ஒற்றைப்படைப் படங்களை ஒன்றும் இரட்டைப்படைப் படங்களை மற்றொன்றும் வரையும். விளையாட்டுக் கம்ப்யூட்டர்களில் அதிகம் புழங்கியது இந்த முறைதான்.

சிவகாசியில் அச்சகம் வைத்திருப்போருக்கு இதில் ஒரு நுட்பம் சட்டென்று விளங்கும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கியே நம் அச்சுத் தொழில் வளர்ந்தது. நான்கு வண்ண ஆப்செட் மெஷினில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு யூனிட்டுகள் ஒரே தாளில் வேலை செய்கின்றன. வேலை நான்காகப் பிரிகிறது. ஆனால் ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினால் தாள் முழுவதும் கழிவுதான். இரண்டு கார்டுகளுக்கும் இதே கதி. பிரித்த வேலையைச் சரியான நேரத்தில், சரியான வரிசையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அதற்காகவே இரண்டையும் இணைக்கும் ‘பிரிட்ஜ்’ என்ற சிறு இணைப்புப் பட்டையும், டிரைவர் எனப்படும் மென்பொருளும் தேவைப்பட்டன.

இந்த வியாபாரத்தின் வரலாறு

1998-ல் த்ரீடிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வூடூ 2 என்ற கார்டை வெளியிட்டது. ஒரே மாதிரியான இரண்டு கார்டுகளைப் போட்டால், திரையின் வரிகளை ஒன்று விட்டு ஒன்றாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு கார்டில் 800-க்கு 600 புள்ளி வரைதான் முப்பரிமாணப் படம் வரும். இரண்டு போட்டால் 1024-க்கு 768 வரை வரும். இதற்கு எஸ்.எல்.ஐ. என்று பெயரிட்டார்கள்.

2000 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் சொத்துக்களை என்விடியா நிறுவனம் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2004-ல் என்விடியா அதே எஸ்.எல்.ஐ. என்ற பெயரை வேறு விரிவாக்கத்தோடு தன் ஜிபோர்ஸ் 6 வரிசைக் கார்டுகளுக்குச் சூட்டியது. 2005-ல் போட்டி நிறுவனமான ஏடிஐ, கிராஸ்ஃபயர் என்ற பெயரில் இதே வசதியைக் கொண்டுவந்தது. 2006-ல் ஏடிஐ நிறுவனத்தை ஏ.எம்.டி. வாங்கியது. அதன்பின் பத்தாண்டுக் காலம் இரண்டு, மூன்று, நான்கு கார்டு போட்ட கம்ப்யூட்டர்கள் பந்தயக் குதிரைகள்போல் பேசப்பட்டன.

பிறகு சரிவு தொடங்கியது. 2016-ல் வந்த நடுத்தர விலைக் கார்டான ஜி.டி.எக்ஸ். 1060-ல் எஸ்.எல்.ஐ. இணைப்பே இல்லை. 2019-ல் வந்த ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 5700 வரிசையிலும் கிராஸ்ஃபயர் இல்லை. 2020-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 30 வரிசையில் மிக உயர்ந்த 3090 ஒன்றில் மட்டும் இணைப்பு வைத்தார்கள். 2021 ஜனவரி 1 முதல் பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்.எல்.ஐ. டிரைவர் அமைப்பு எதையும் சேர்க்கப்போவதில்லை என்றும் என்விடியா அறிவித்துவிட்டது. 2022-ல் வந்த 4090-ல் அந்த இணைப்பு அறவே எடுக்கப்பட்டது. 2025-ல் வந்த 5090-லும் இல்லை. கடையில் இன்று புதிதாக வாங்கும் இரண்டு கேமிங் கார்டுகளை அந்தப் பழைய முறையில் பூட்ட வழியில்லை.

ஏன் கைவிட்டார்கள்?

லாபம் வரும் சரக்கை எந்தக் கம்பெனியும் நிறுத்தாது. கைவிட்டதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, மெமரி கூடுவதில்லை. இரண்டு பையன்களும் தனித்தனி அலமாரி வைத்திருக்கிறார்கள். யாருக்கு எந்தச் சிட்டை வரும் என்று தெரியாததால், இரண்டு அலமாரியிலும் அதே துவரம் பருப்பு, அதே மிளகாய் வற்றல், அதே நல்லெண்ணெய் இருக்க வேண்டும். இடம் இரண்டு மடங்கு; சரக்கு வகை கூடவில்லை. அதுபோல் 8 ஜி.பி. மெமரி உள்ள கார்டு இரண்டு போட்டால், விளையாட்டுக்குக் கிடைப்பது 16 அல்ல, அதே 8-தான். “மொத்தம் 16 ஜி.பி.” என்று கொட்டேஷனில் எழுதுவது கேமிங்கைப் பொறுத்தவரை எடை மோசடிக்குச் சமம்.

இரண்டாவது, சீரான நடை இல்லை. வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 16.7 மில்லி வினாடி இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு கார்டுகள் மாறி மாறித் தரும்போது ஒரு இடைவெளி 5, அடுத்தது 28 என்று வந்தால், சராசரி பார்த்தால் கணக்குச் சரி. ஆனால் கண்ணுக்குப் படம் திக்குவதுபோல் தெரியும். ஒரு வாரம் நாற்பது மூட்டையும் மறுவாரம் வெறும் கையுமாக அனுப்பும் மொத்த வியாபாரி, மாத முடிவில் கணக்குச் சரிதானே என்று சொல்வது போன்றது இது.

மூன்றாவது, புதிய விளையாட்டுகளின் அமைப்பே மாறிவிட்டது. இன்றைய விளையாட்டுகள் ஒரு படத்தை வரைய அதற்கு முந்தைய படத்தின் விவரங்களை எடுத்துப் பயன்படுத்துகின்றன. நேற்றைய இருப்பை முடிக்காமல் இன்றைய பேரேட்டைத் தொடங்க முடியாதல்லவா? முதல் கார்டு முடிக்கும் வரை இரண்டாவது கார்டு காத்திருக்கிறது. காத்திருப்பவனுக்கும் சம்பளம் உண்டு, வேலைதான் இல்லை.

நான்காவது, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக டிரைவரில் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. 2015-ல் வந்த டைரக்ட்எக்ஸ் 12 இந்தப் பொறுப்பை விளையாட்டுத் தயாரிப்பாளர் தலையிலேயே வைத்தது. இரண்டு கார்டு வைத்திருப்போர் சொற்பம். அந்தச் சொற்பம் பேருக்காகச் செலவழிக்கத் தயாரிப்பாளர்கள் முன்வரவில்லை. இதன் பலனாக, சில ஆட்டங்களில் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பானது. பலவற்றில் ஒன்றுமே கூடவில்லை. சிலவற்றில் குறையவும் செய்தது.

இன்றும் இரண்டாவது கார்டுக்குச் சிறு வேலை தரும் லாஸ்லெஸ் ஸ்கேலிங் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டு படங்களுக்கு நடுவே ஓர் இடைப்படத்தை உண்டாக்கிச் செருகும் வேலையை அது ஏற்றுக்கொள்ளும். பழைய கார்டு கையில் இருப்பவர்கள் ஆர்வத்துக்குச் செய்து பார்க்கலாம். அதற்காகப் புதிதாக முதல் போடுவது கணக்குக்கு ஒத்துவராது.

பிரிக்க முடியாத வேலை

எத்தனை ஆள் போட்டாலும் ஒரு அளவுக்கு மேல் வேகம் கூடாது என்பதை 1967-லேயே ஜீன் அம்டால் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் எடுத்துக்காட்டினார். நம் பாஷையில் சொல்வதானால்: ஒரு பெரிய ஆர்டருக்குச் சரக்குக் கட்ட 40 நிமிடம், பில் போட்டுப் பணம் வாங்க 20 நிமிடம். மொத்தம் 60. கட்டுவதற்கு இரண்டு பேர் போட்டால் 20-ம் 20-ம் சேர்த்து 40 நிமிடம். நான்கு பேர் போட்டால் 10-ம் 20-ம் சேர்த்து 30 நிமிடம். நூறு பேரை நிறுத்தினாலும் அந்த 20 நிமிடம் குறையாது. ஏனென்றால் கல்லாவில் இருப்பவர் ஒருவர். சம்பளம் நான்கு மடங்காகிறது. நேரம் பாதிதான் குறைகிறது. கூடுதல் கார்டு வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கல்லாவில் கூட்டமா, கட்டும் இடத்தில் கூட்டமா?

பல கார்டு உண்மையிலேயே உழைக்கும் இடங்கள்

இதனால் பல கார்டுகளைக் கூட்டுவதே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நமக்கு அண்டையிலேயே சிறந்த உதாரணம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே மாதம் ‘சாகா-220’ என்ற சூப்பர் கம்ப்யூட்டரை இஸ்ரோ இயக்கி வைத்தது. அதில் 400 பிரசாசர்களோடு என்விடியாவின் டெஸ்லா வகையைச் சேர்ந்த 400 கிராபிக்ஸ் கார்டுகள் பூட்டப்பட்டன. வினாடிக்கு 220 லட்சம் கோடிக் கணக்குகள் போடும் திறன். செலவு சுமார் 14 கோடி ரூபாய். மின்சாரம் சுமார் 150 கிலோவாட். ராக்கெட்டைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று கணக்கிடுவது அதன் முக்கிய வேலை.

அங்கே 400 கார்டு பலித்தது, வீட்டில் இரண்டு பலிக்கவில்லை, ஏன்? ராக்கெட்டைச் சுற்றியுள்ள வெளியை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, இந்தப் பகுதி உனக்கு, அந்தப் பகுதி எனக்கு என்று பங்கிடலாம். விடை சில மணி நேரம் கழித்து வந்தாலும் குற்றமில்லை. விளையாட்டிலோ ஒவ்வொரு விடையும் 16 மில்லி வினாடிக்குள் வரிசை தவறாமல் வந்தாக வேண்டும்.

இந்த வழி நம் நாட்டுக்குப் புதியதுமல்ல. உயர்ரக சூப்பர் கம்ப்யூட்டர்களைத் தர அமெரிக்கா கட்டுப்பாடு விதித்த காலத்தில், 1988-ல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் அது 1991-ல் பரம் 8000 என்ற இயந்திரத்தை உருவாக்கியது. பல சிறு பிரசாசர்களைக் கூட்டிப் பெரிய வேலை வாங்கியதே அதன் சூட்சுமம். அதே நிறுவனத்தின் பரம் சித்தி-ஏஐ, 2020 நவம்பரில் உலகப் பட்டியலில் 63-ம் இடம் பெற்றது. அதில் உள்ள ஒவ்வொரு பெட்டியிலும் எட்டு கிராபிக்ஸ் பிராசசர்கள் வேலை செய்கின்றன.

நம் பகுதியிலும் சிலருக்கு இது பயன்படலாம். காலண்டர், பட்டாசு டப்பா ஆகியவற்றுக்கு முப்பரிமாணப் படம் தயாரிக்கும் டிசைனர்கள் பிளெண்டர் போன்ற மென்பொருளில் படத்தைப் பங்கிட்டுப் பல கார்டுகளிடம் கொடுக்கலாம். செயற்கை நுண்ணறிவு மென்பொருளைச் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுவோர், அதை இரண்டு கார்டுகளின் மெமரியிலும் பிரித்து ஏற்றலாம். அந்த ஒரு வேலையில் 24-ம் 24-ம் சேர்ந்து 48 ஆகவே பயன்படுகிறது. ஆனால் போட்டோஷாப்பிலும் கோரல்டிராவிலும் லேபிள் டிசைன் செய்பவருக்கு இரண்டாவது கார்டால் சொல்லத்தக்க பலன் இல்லை.

செகண்ட் ஹேண்ட் சரக்கில் எச்சரிக்கை

புதுக் கார்டில் இணைப்பு இல்லாததால், “பழைய உயர்தரக் கார்டு இரண்டு குறைந்த விலைக்குத் தருகிறேன்” என்று வருவோர் உண்டு. 2017-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1080 டிஐ போன்றவை அப்படி விலைக்கு வருகின்றன. அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய ஆட்டங்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025-ன் இறுதியில் நிறுத்திவிட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஈதர் என்ற டிஜிட்டல் காசை உண்டாக்க ஒரே கம்ப்யூட்டரில் ஆறு, எட்டுக் கார்டுகளைப் பூட்டி இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-ல் அந்த முறையே மாறி, கார்டுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்தக் கார்டுகள் பெருமளவில் பழைய சந்தைக்கு வந்தன. ஓடி ஓடித் தேய்ந்த விசிறியும் காய்ந்துபோன வெப்பப் பசையும் வெளியே பார்த்தால் தெரியாது. சீரியல் நம்பர் எழுதிய பில் இல்லாமல், நம் கண்முன் அரைமணி நேரமாவது ஓட்டிக் காட்டாமல் வாங்கக் கூடாது.

மின்சாரமும் அனலும்

1080 டிஐ கார்டு ஒன்று 250 வாட் இழுக்கும். இரண்டு என்றால் 500. மற்றவற்றுக்கு 200 சேர்த்தால் 700 வாட். தினம் 4 மணி நேரம் ஓடினால் 2.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 168 யூனிட். இதில் இரண்டாவது கார்டுக்கு மட்டும் 60 யூனிட். பில் போடும் கம்ப்யூட்டருக்கு நாம் வைத்திருக்கும் 600 விஏ யு.பி.எஸ். சுமார் 360 வாட்தான் தாங்கும், இதற்குப் பற்றாது. எஸ்.எம்.பி.எஸ். தரமானதாக இருக்க வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்க வேண்டும்.

மழை குறைந்த வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உதவியது. அதே வெயில் இந்தப் பெட்டிகளுக்குப் பகை. நெருக்கமாகப் பூட்டிய இரண்டு கார்டுகளில் கீழே உள்ளது கக்கும் அனலை மேலே உள்ளது உள்ளிழுக்கும். பட்டாசு இருப்பு வைத்திருக்கும் கடையறையிலோ கிடங்கிலோ இம்மாதிரிப் பெட்டிக்கு இடமே தரக் கூடாது என்பதைத் தனியே வற்புறுத்துகிறோம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கார்டு 40,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு 80,000. அதே தொகைக்கு ஒரே கார்டாக அடுத்த தரத்தில் வாங்கினால், எல்லா ஆட்டங்களிலும் பலன் தரும், மெமரி கூடும், மின்சாரம் பெரும்பாலும் குறையும், விற்கும்போதும் விலை கிடைக்கும்.

கேமிங் சென்டர் நடத்த நினைப்போருக்குக் கணக்கு இன்னும் தெளிவு. இரண்டு கார்டை ஒரே கம்ப்யூட்டரில் பூட்டினால் உட்காரும் வாடிக்கையாளர் ஒருவர். கூடுதல் செலவு செய்து அவற்றை இரண்டு கம்ப்யூட்டரில் பூட்டினால் வாடிக்கையாளர் இருவர். மணிக்கு இரண்டு வாடகை. ஒரு பெட்டி பழுதானாலும் மற்றது ஓடும்.

வரி விஷயத்திலும் ஒரு சொல். கார்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பிள்ளை வீட்டில் விளையாடும் கம்ப்யூட்டரைக் கடை பெயரில் பில் போட்டு உள்ளீட்டு வரி எடுப்பது சட்டப்படி செல்லாது. சொந்த உபயோகப் பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடிக்கப் போய், பிறகு வட்டியும் அபராதமும் கட்டும்படி ஆகும்.

ஆகவே பிள்ளைகள் கேட்டால் கோபிக்க வேண்டாம். அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குப் போடுங்கள். எந்த ஆட்டம், எந்தத் திரை, அதற்கு எந்த ஒற்றைக் கார்டு போதும் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி வரச் சொல்லுங்கள். விற்பதில் அல்ல, வாங்குவதில்தான் லாபம் என்ற நம் தொழிலின் முதல் பாடத்தை அவர்கள் விருப்பமான பொருளிலேயே கற்றுக்கொள்வார்கள். அந்தப் பாடம் கார்டு பழசான பிறகும் உதவும்.